கப்பலுக்குப் போகிற மங்கையர்க்கரசிக்கு

முதல் நாளே போய்விடு.
விடிகாலை நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்
பத்துக்குள் துறைமுகம் என்பார் உன் வீட்டுக்காரர்.
திண்டிவனத்தில் ஒரு லாரி குறுக்கே சாய்ந்தால் போதும்.
கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டால்
அங்கிருந்து துறைமுகம் இன்னொரு ஊர்ப் பயணம்.
கப்பல் நிற்காது.
அது என்ன மஞ்சக்குப்பம் டவுன் பஸ்ஸா,
கைகாட்டி ஏற?

மண்ணடியில் தங்குங்கள்.
லாட்ஜ் சுமார்தான், மின்விசிறி கத்தும்,
ஆனால் ஆட்டோவுக்குப் பத்து நிமிடம்.
எந்த வாசல் என்று கேட்டு வைத்துக்கொள்.
நாங்கள் தப்பான வாசலில்
சரக்கு லாரிகளுக்குப் பின்னால்
அரைமணி நேரம் நின்றோம்,
மூட்டையோடு மூட்டையாக.

பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்,
அறைக்கு வரச் சாயங்காலம் ஆகும்.
சர்க்கரை மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட்,
மாற்றுப்புடவை ஒன்று
கைப்பையிலேயே இருக்கட்டும்.
நான் வைக்கவில்லை.
வேர்வைப் புடவையோடு பளிங்குப் படிக்கட்டில்
ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.
பக்கத்தில் ஒருவர் பியானோ வாசித்தார்.

ஜன்னலில்லா அறை மலிவு.
தூங்கத்தானே, போதும் என்பார்கள்.
விளக்கை அணைத்தால்
பீரோவுக்குள் படுத்த மாதிரி இருக்கும், அரசி.
ஒரு கண்ணாடி வட்டமாவது கேட்டு வாங்கு,
கப்பலின் நடுவில், கீழ்த்தட்டில்.
மூக்குப் பக்கம் படுத்தவர்கள்
ராத்திரி முழுக்கத் தூளியில் கிடந்தார்கள்.

வயிறு புரட்டும்.
எனக்கென்ன, கடலோரத்தில் பிறந்தவள் என்று
நானும்தான் பீற்றிக்கொண்டேன்.
தேவனாம்பட்டினத்தில் கால் நனைத்ததெல்லாம்
கடல் கணக்கில் சேராது.
கப்பல் அசையும் முன்பே மாத்திரை போட்டுவிடு;
அசைந்தபின் போட்டால்
அதுவும் சேர்ந்து வெளியே வரும்.
இஞ்சி மரப்பா நல்லது.
நார்த்தங்காய் அதைவிட நல்லது.

சாப்பாட்டுக்கு அடித்துக்கொள்ளாதே,
நடுராத்திரியிலும் கிடைக்கும்.
இடியாப்பம் மட்டும் கேட்காதே.
கொடுத்துவிடுவார்கள், அதுதான் வம்பு.
போனை அணைத்து வை.
நடுக்கடலில் கொழுந்தன் அனுப்பிய
ஒரு ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கு
இன்னும் பில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் யாரும் சொல்வார்கள்.
யாரும் சொல்லாதது ஒன்று.

முதல் ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம் வராமல்
மேல்தட்டுக்குப் போனேன்.
வலப்பக்கம் தூரத்தில் ஒரு வெளிச்சம்
வந்து வந்து போனது.
தரை துடைத்துக்கொண்டிருந்த பையனைக் கேட்டேன்.
கடலூர் என்றான்,
எந்த ஊரையோ சொல்வது போல.
அஞ்சு மணி நேரம் வடக்கே போய்,
சீட்டுப்பணம் முழுக்கக் கட்டி,
திரும்பி என் வீட்டுக்கு நேரே வந்து நின்றிருந்தேன்.
நம் முகத்துவாரத்தில் விசைப்படகே தரை தட்டும்,
இது எங்கே வந்து நம்மை ஏற்றப்போகிறது?

சிரிப்புதான் வந்தது முதலில்.
பிறகு கீழே, மிக அருகில்,
ஒரு சின்ன விளக்கு
அவசர அவசரமாக ஆடுவதைப் பார்த்தேன்.
என் நாத்தனார் மகன் துரைசிங்கம்
சித்திரைப்பேட்டையிலிருந்து வலைக்குப் போகிறவன்.
வெளிச்சக் கட்டடம் ஒன்று வந்து
வலையை அறுத்துப்போன கதையை
எத்தனை கல்யாணத்தில் சொல்லியிருக்கிறான்,
நானும் பாயசத்தோடு கேட்டிருக்கிறேன்.
அந்தக் கட்டடத்துக்குள் நின்று பார்த்தால்
கீழே ஆள் முகம் தெரியாது
என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.
உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
வலை இருந்ததா, தப்பியதா, தெரியவில்லை.
அவனிடம் கேட்கவும் இல்லை, இதுவரை.

போகாதே என்று சொல்லவில்லை.
போ. நன்றாகத்தான் இருக்கும்.
ஒரு மணிக்கு மட்டும் எழுந்து,
விளக்கில்லாத மூலையாகப் பார்த்து நில்.
கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும்.

நார்த்தங்காய் பாட்டிலை
இரண்டு பையில் போட்டுக் கட்டு.
என்னுடையது உடைந்து
பட்டுப்புடவை இன்னும் மணக்கிறது.