கொண்டை ஊசிகள்

காந்தம் வாங்கப் பணம் இன்னும் வரவில்லை.
கிடங்குக்காரர் நெஜாத்தி
செத்துப்போன கணினி ஒன்றின் ஹார்டு டிஸ்க்கைத் திருகித் திறந்து
பிறை வடிவில் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தார்.
"விரலை நசுக்கிவிடும் பெல்கிஸ், பார்த்து."
அதற்குள் நசுக்கியிருந்தது.

இரண்டு வகை இரும்பு உப்பைக் கரைத்து
அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால்
ஆரஞ்சுச் சாறு போலிருந்தது
இமை மூடித் திறப்பதற்குள் கரியாகும்.
முதல் முறை துருவாகிப் போனது.
இரண்டாம் முறை கூழ் போலக் கட்டி தட்டியது.
மூன்றாம் முறை, மாவுச்சத்தைப் போர்த்தி எடுத்தபோது,
தலைமுடி ஒன்றை எட்டாயிரமாகக் கீறினால்
அதில் ஒரு கீற்றின் அளவில்
கோடி கோடியாகக் கறுப்பு.

இந்த இரும்புக்கு ஒரு குணம்.
காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை தானும் காந்தம்.
எடுத்துவிட்டால், யார் நீ என்று கேட்கும்.
ரத்தத்துக்குள் போகிறவை அப்படித்தான் இருக்க வேண்டும்,
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
வழியை அடைக்கக் கூடாது.

அதன் மேல் டாக்ஸோரூபிசின் ஏற்றினேன். சிவப்பு மருந்து.
சாலைக்கு அப்பால், மூன்றாம் மாடியில்
அதே சிவப்பு, போகும் இடம் சொல்ல ஆளில்லாமல்
ஷுக்ரானின் கைநரம்பில் இறங்கிக்கொண்டிருந்தது.
இஸ்மிர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர்.
இடது மார்பில் கடலைப் பருப்பளவு கட்டி.
அதற்காக வாயெல்லாம் புண், நகமெல்லாம் கறுப்பு.
"தெள்ளுப்பூச்சி கடித்ததென்று
போர்வையையே கொளுத்துகிறீர்களே"
என்றார் ஒருநாள் தேநீர்க் கடையில்,
என்னை மருத்துவர் என்று எண்ணி.
இல்லை, நான் இரும்பு செய்கிறவள் என்றேன்.
அடுத்த வாரம் ஓர் உறையை நீட்டினார்.
உள்ளே நாற்பது கொண்டை ஊசிகள்.
"இரும்பு வேண்டாமா உனக்கு?"
சிரித்தார்.
எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தட்டில் வளர்பவை ஷுக்ரானின் செல்கள் அல்ல.
ஐம்பது வருடத்துக்கும் முன்னால்
அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரி
மார்புப் புற்றோடு படுத்திருந்தார்.
அவர் நெஞ்சுக்கூட்டில் தேங்கிய நீரில் மிதந்தவை
அவர் போன பின்னும் போகவில்லை.
உறைபனியில் கிடந்து, விமானம் ஏறி, இந்த போர்னோவா வரை வந்து
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
இரண்டு நாளுக்குள் இரட்டிக்கின்றன.
பிள்ளை பெறாதவருக்கு
ஊர் ஊராக இத்தனை வீடு.
ஞாயிறுகளிலும் வந்து
உணவு மாற்றுகிறவள் நான்.
ஊட்டிய கையாலேயே விஷமும் வைக்கிறேன்.

தட்டுக்கு அடியில் பிறையை ஒட்டினேன்.
இரண்டு மணி நேரம். கழுவல். இரண்டு நாள்.
தெற்கிலிருந்து லோடோஸ் காற்று
ஜன்னலை உலுக்கிய வெள்ளி இரவில்
சாயம் ஏற்றிப் பார்த்தேன்:
ஊதா வயலின் நடுவே
வெறுமையாக ஒரு பிறை.
அதன் கரைக்கு வெளியே
கன்னியாஸ்திரியின் செல்கள்
ஒன்றுமே நடக்காதது போல.

நெஜாத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"நம் கொடியில் இருப்பது போலவே" என்றார்.
பிறகு, "நட்சத்திரத்தைக் காணோமே."

நட்சத்திரம் மட்டுமா.
தட்டில் ரத்தம் ஓடுவதில்லை.
வந்த துகளையெல்லாம் விழுங்க ஈரல் இல்லை.
ஒரு ஹார்டு டிஸ்க்கின் துண்டு
எத்தனை விரற்கடை ஆழம் எட்டும்?
எலி, பிறகு முயல், பிறகு படிவங்கள்,
பிறகு, பெயர் தெரியாத யாரோ ஒருத்தி.
ஷுக்ரானுக்குக் கடைசித் தவணை செவ்வாய்க்கிழமை.
அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

மேசையைத் துடைக்கையில் உறை கவிழ்ந்தது.
பிறையை எங்கே வைத்தேன் என்று
தேட வேண்டியிருக்கவில்லை.
காகிதக் குவியலின் பக்கமாக
எல்லா ஊசிகளும் தலை திருப்பிக் கிடந்தன.
ஒன்று மட்டும்
நரைத்த முடி ஒன்றை இழுத்தபடி
இன்னும் போய்க்கொண்டிருந்தது.