வண்டி என்ன நிறம்

சியால்கோட்டில், டஸ்கா சாலையில்,
கட்டில் அகலத்துக்கு ஒரு கடை என்னுடையது.
சிம் கார்டு, சார்ஜர், விரிசல் விட்ட திரைக்குப் புதுக் கண்ணாடி.
வியாழன்தோறும் நசீபான் வருவாள்,
மெழுகு நூல் அறுத்த வரிகள் விரல்களில் ஓட.
நூறு ரூபாய் போடு என்பாள்.
போடுவேன்.
எழுபத்துச் சொச்சம்தான் ஏறும்.

முதல் தடவை கேட்டாள், மீதி எங்கே?
வரி, என்றேன்.
தன் விரலைப் பார்த்தாள்.
எதற்கு வரி?
பேசுவதற்கு ஒன்று. வருமானத்துக்கு ஒன்று.

வருமானம் என்ற சொல்லை
வேறு யாருடைய செருப்பையோ போட்டுப் பார்ப்பதுபோல்
ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தாள்.
முப்பத்திரண்டு துண்டு தைத்தால் ஒரு பந்து.
நாளுக்கு மூன்று.
கண் ஒத்துழைத்தால் நான்கு.

கணக்குக் காட்டுகிறவர்கள் அந்தக் காசைக்
கழித்துக்கொள்ளலாம் என்றேன், படிவம் போட்டால்.
படிவம் யார் போடுவார்?
வக்கீல்.
வக்கீலுக்கு எவ்வளவு?
அதற்குள் அடுத்த ஆள் சார்ஜர் கேட்டார்.
(எனக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் கமிஷன்.
நானும் கணக்குக் காட்டுவதில்லை.)

ராத்திரியானால் டீவியில்
கோட்டுப் போட்டவர்கள் சண்டை போடுவார்கள்.
இந்த நாட்டில் யாரய்யா வருமான வரி கட்டுகிறான்,
விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பார் ஒருவர்,
மேசையைக் குத்தி.
அந்த நேரம் என் கல்லாவுக்கு முன்னால்
சூளைக்காரன், எருமைப் பால்காரன், பள்ளிக்கூடத்து ஆயா
ஐம்பதும் நூறுமாகக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.
ரசீது கிடையாது.
ஒரு பீப் சத்தம்.

மார்ச்சில் நசீபானுக்கு ஒரு செய்தி வந்தது.
எழுத்து அவளுக்கு வராது, எண் வரும்.
போனை நீட்டினாள். படித்தேன்:
தங்கள் பெயரில் வாகனமும் மனையும் இருந்தும்
தாங்கள் வருமானக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை.
தவறினால் சிம் முடக்கப்படும்.

தப்பாக வந்திருக்கும் என்றேன்.
அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தேன்.
தப்பில்லை.
இரண்டாயிரத்து எழுநூறு சிசியில் ஒரு வண்டி.
கண்டோன்மென்ட் பக்கம் பத்து மர்லா மனை.
இரண்டும் நசீபான் பீவி,
கணவர் காலஞ்சென்ற குலாம் ரசூல்.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
நாலு வருஷம் முன்னால், ரம்ஜான் சமயம்,
பந்துக் கம்பெனி ஷேக் சாஹிப்
ரேஷன் மூட்டை தருகிறேன் என்று
அட்டையின் நகல் வாங்கினார்.
ஏழெட்டுத் தாளில் பெருவிரல் வைக்கச் சொன்னார்.
மூட்டை வந்தது, பொய் சொல்லக் கூடாது.
மாவில் வண்டு இருந்தது. சலித்துக்கொண்டேன்.

நான் கத்தினேன். போலீஸ் என்றேன், கோர்ட் என்றேன்,
ஷேக்கின் ஏழு தலைமுறையையும் தெருவுக்கு இழுத்தேன்.
அவள் குறுக்கே கேட்டாள்:
வண்டி என்ன நிறம்?

வெள்ளை.

ஓ, அதுவா, என்றாள்.
போன மழையில் என்மேல் சேறடித்துப் போனது
என் வண்டியா?

புகார் எண்ணைக் கூப்பிட்டோம்.
தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றது ஒரு குரல்.
பதினோரு நிமிஷம் முக்கியமாகவே வைத்திருந்தது.
நடுவில் ஷெனாய்போல் எதையோ ஊதினார்கள்.
பன்னிரண்டாவது நிமிஷம் காசு தீர்ந்து அறுந்தது.

துப்பட்டா முடிச்சை அவிழ்த்தாள்.
இன்னொரு நூறு போடு.

போட்டேன். பீப்.
எவ்வளவு ஏறியது என்று இந்த முறை கேட்கவில்லை.
சாலையைப் பார்த்து நின்றாள்,
வெள்ளையாய் எது கடந்தாலும்
அதன் எண்ணை
வாய்க்குள் சொல்லிக்கொண்டு.