சீசன்

எங்கள் பக்கம் சீசன் என்றால்
குற்றாலத்தில் தண்ணீர் விழுவது.
இந்த வருஷம் அங்கே சரியாக விழவில்லை.
சொரிமுத்துவுக்கு விழுந்தது:
ஒன்பது ஆட்டத்தில் நாற்பத்தோரு விக்கெட்.

மாவட்ட லீக், மூன்றாம் டிவிஷன்,
விக்கிரமசிங்கபுரம் அணி.
நான் ஸ்கோர் எழுதுகிறவன்.
ஆடத் தெரியாததால் நோட்டைக் கொடுத்து
உட்காரவைத்தார்கள்.
ஆடுகிறவர்களுக்கும் தெரியாது என்று
எழுத எழுதத்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு
மில் வாசலில் வேன் நிற்கும்.
நைட் ஷிப்ட் முடிந்து
புருவத்தில் பஞ்சோடு வருவான்.
கடைசி சீட்டில் கிட் பைமேல் தலைவைத்து
கல்லிடைக்குறிச்சி தாண்டுமுன் தூங்கிவிடுவான்.
குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில்
வண்டி நின்றால்தான் முழிப்பு.

இடது கை. வேகம் என்று சொல்ல முடியாது.
ஆனிக் காற்று மேற்கேயிருந்து வந்து
பந்தின் ஒரு கன்னத்தைத் தொட்டதும்
நேராகப் போன பந்து
மட்டைக்கு ஒரு சாண் முன்னால்
மனசை மாற்றிக்கொள்ளும்.
ஆடியவன் திரும்பிப் பார்க்கும்போது
நடுக்குச்சி மல்லாந்து கிடக்கும்.

யாராவது பிடிக்க வேண்டிய பந்துகளில்தான் சிக்கல்.
ஸ்லிப்பில் கேப்டன் கோமதிநாயகம் அண்ணாச்சி
கோயிலில் விபூதி வாங்குவதுபோல் கை நீட்டி
விபூதியைப்போலவே விரலிடுக்கில் சிந்துவார்.
மிட் ஆனில் ஜெபராஜ்
மேகம் மூடிய நாளிலும் வெயில் கூசிற்று என்பான்.
மசூது ஒருமுறை பிடித்தேவிட்டான்,
பிடித்த சந்தோஷத்தில் கையை விரித்தான்.

சொரிமுத்து ஒன்றும் சொல்லமாட்டான்.
பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டு
பதினாலு எட்டு பின்னால் நடப்பான்.
ஒரே ஒருமுறை, மேலப்பாளையத்துக்கு எதிராக,
ஓர் ஓவரில் இரண்டு போனபோது
"சவத்த விடுங்க அண்ணாச்சி" என்றான்.
அண்ணாச்சி அன்று மதியம் சாப்பிடவில்லை.
அவர் பொட்டலத்தையும் நான்தான் தின்றேன்.

ஏர்வாடியை எழுபத்தொன்றுக்குச் சுருட்டினான்,
அவனுக்கு மட்டும் ஏழு.
நாங்கள் ஐம்பத்தெட்டு.
களக்காடு தொண்ணூறு.
நாங்கள் எண்பத்தொன்பது வரை போய்
ரன் அவுட்.
எதிர்முனையில் அவன் நின்றான்
மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.

ஒரே ஒரு வெற்றி.
தென்காசிக்காரர்களின் வேன்
ஆலங்குளத்தில் அச்சு முறிந்து நின்றுவிட்டது.
நடுவர் வந்து கைகுலுக்கினார்.
அண்ணாச்சி எல்லோருக்கும் பரோட்டா வாங்கினார்.
ஒரு பந்தும் போடாத சொரிமுத்து
புங்கமரத்தடியில்
எழுப்ப எழுப்பத் தூங்கினான்.

நோட்டில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு,
வைடுக்கு, நோ பாலுக்கு,
யார் காலிலோ பட்டு ஓடிய ரன்னுக்குக்கூட.
நழுவவிட்ட கேட்சுக்குக் கிடையாது.
ஒரு புள்ளிதான் வைக்க வேண்டும்,
ஒன்றுமே நடக்காத பந்துக்கு
வைக்கும் அதே புள்ளி.
எனக்குக் கை வரவில்லை.
முதல் ஆட்டத்திலிருந்தே
அந்தப் புள்ளிகளுக்கு அடியில்
பென்சிலால் ஒரு சின்னக் கோடு இழுத்துவந்தேன்,
யாரிடமும் சொல்லாமல்.

ஆவணியில் நாங்கள்
நாலாம் டிவிஷனுக்கு இறங்கினோம்.
அதே வாரம் அவனுக்குக் கோப்பை,
சிறந்த பந்துவீச்சாளர்.
பெயரைச் 'சோறிமுத்து' என்று பொறித்திருந்தார்கள்.
அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ரயில்வே வேலை மனுவோடு வைக்க
ஸ்கோர் நகல் வேண்டுமென்று வீட்டுக்கு வந்தான்.
நோட்டைப் புரட்டினான்.
ஒரு கோட்டின்மேல் விரல் நின்றது.
"பென்சில் பட்டிருக்கும்" என்றேன்.
தலையாட்டினான்.
பிறகு பக்கம் பக்கமாக
உதடு அசைய அசையப் போனான்.
"இருபத்து மூணு."
காபியைக் குடித்து
டம்ளரை நோட்டுக்கு எட்டத் தள்ளி வைத்தான்.
"இருபத்து நாலுண்ணே.
வள்ளியூர் மேட்ச்ல ஒண்ண
நீங்க விட்டுட்டீங்க."