எட்டுப் பேர் அறை

பையைக் கீழே வைக்குமுன்பே
சொல்லிவிடுவேன்:
பெயர் எவரிஸ்தோ, ஊர் சில்லான்,
வயது அறுபத்திரண்டு,
குறட்டை விடுவேன்.

பிறகு ஆரஞ்சு நிறக் காதடைப்பான்களை
ஆளுக்கொரு ஜோடி நீட்டுவேன்,
தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு நீட்டுவதுபோல,
ஆனால் எதிர்த்திசையில்.
நூறு ஜோடிப் பெட்டியாக வாங்கினால் மலிவு.
இருபத்தொன்பது வருடம் விதைக்கடையில் கணக்கெழுதியவன்.
தனியறையில் ஒரு ராத்திரி,
இங்கே நான்கு ராத்திரி.
மிச்சம் மூன்றையும் கடலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

இந்த முறை வால்பராய்சோ.
குன்றின்மேல் தகரம் போர்த்திய வீடு.
மஞ்சள் உரிந்த இடத்தில் நீலம்,
நீலம் உரிந்த இடத்தில் இன்னொரு மஞ்சள்.
மேலே இழுத்துப்போகும் பெட்டியில்
'பழுது' என்று பலகை தொங்கியது.
படிகளை எண்ணிக்கொண்டு ஏறினேன்.
நூற்றெழுபதில் மூச்சு வாங்கியதில்
எண்ணிக்கை போய்விட்டது.

விதிகள் சுவரில் இருந்தன.
பத்து மணிக்குமேல் அடுப்பு கூடாது.
குளிர்பெட்டியில் பெயர் எழுதாத உணவு எல்லோருக்கும்.
"கீழ்க்கட்டில் தரட்டுமா?"
கிரிசெல்தா கேட்டது என் முழங்காலைப் பார்த்து.
வாய் வேண்டாம் என்றது.
முழங்கால்தான் ஜெயித்தது.

மெந்தோசாவிலிருந்து மலை தாண்டி மிதித்து வந்த
சைக்கிள்காரர்கள் இரண்டு பேர்.
அவர்களுடைய காலுறைகள் ஜன்னலில் காய்ந்தன,
காய்ந்தன என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.
அந்தோஃபகாஸ்தா நர்ஸ் ஒருத்தி, மறுநாள் தேர்வு,
மணிக்கட்டில் எட்டு எலும்பு, மணிக்கட்டில் எட்டு எலும்பு
என்று முணுமுணுத்தபடி.
இரண்டு கட்டில் காலி.
மூலையில் போர்வைக்குள் ஒருவர்.
முகம் பார்க்கவில்லை, கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார்.
எனக்கு நேர் மேலே அயெலேன்,
சிலோயே தீவுக்காரி, பத்தொன்பது இருக்கும்,
சீவி வைத்த பென்சில் மாதிரி.
கடைசி ஜோடி அவளுக்கு.

ராத்திரி ஒன்றரை.
என் குறட்டையில் நானே விழித்தேன் என்று நினைத்து
வாயை மூடினேன்.
சத்தம் நிற்கவில்லை.
துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலி இறக்குகிறார்களோ?
இல்லை. மேலே.
அந்தப் பென்சில்
ஒரு மரவாடியையே ஓட்டிக்கொண்டிருந்தது.
கட்டில் சட்டம் அதிர்ந்தது. பிறகு ஓர் இடைவெளி.
அதுதான் கொடுமை,
அடுத்தது எப்போது என்று காத்துக் கிடப்பது.
பிறகு மறுபடி அறுப்பு.

பையைத் துழாவினேன். வெறும் பெட்டி.
நர்ஸுக்கு ஒரு காது அடைப்பு நழுவியிருக்க வேண்டும்,
"அந்தக் கிழவர்…" என்று முனகி
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இர்மா இப்படித்தான் கிடந்திருப்பாள்.
பதினெட்டு வருடம்.
ஒருநாள் தலையணையோடு தையல் அறைக்குப் போனாள்,
பிறகு அக்கா வீட்டுக்கு,
பிறகு வேறு பெயரில் ஒரு தபால்பெட்டிக்கு.
குறட்டை மட்டும் காரணமில்லை.
இருந்தாலும் இடைவெளிகளை அவளும் எண்ணியிருப்பாள்.

காலையில் சமையலறையில்
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே நர்ஸ் கேட்டாள்:
"நேற்று யார் அது, சரக்கு ரயில் விட்டது?"
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
அயெலேனும் பார்த்தாள்,
கத்தி நுனியில் வெண்ணெய்ப்பழம்,
கண்ணில் இரக்கம்.
"எனக்கு ஒன்றுமே கேட்கலை," என்றாள்,
"நீங்கள் கொடுத்தது அவ்வளவு நல்லது."

"மன்னிக்கணும்," என்றேன்.
"முதலிலேயே சொன்னேனே."

சைக்கிள்காரன் சிரித்து என் முதுகில் தட்டினான்.
நர்ஸ் சிரிக்கவில்லை,
ஆனால் தேநீர்க் குடுவையை என் பக்கம் நகர்த்தினாள்.

இன்னும் இரண்டு ராத்திரிக்குப் பணம் கட்டிவிட்டு
படியிறங்கி மருந்துக்கடைக்குப் போனேன்.
ஒரு ஜோடி போதும்.
ஒற்றையாக வாங்கினால்
விலை அநியாயம்.