பதினான்காம் கட்டம்

பதின்மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டேன்.
கம்பெனிப் பெயர், பதிவு எண்,
பிறை தொழிற்பேட்டை முகவரி,
கடைசித் தணிக்கை நடந்த தேதி.
பதினான்காவது கேட்கிறது:
மாத உற்பத்தித் திறன், டன் கணக்கில்.

கட்டம் என் சுண்டுவிரல் நகத்தளவு.

ஒரு சூட்டுக்கு அறுபது டன்.
நாளுக்குப் பதினெட்டுச் சூடு.
முப்பது நாளால் பெருக்கினால்
முப்பத்திரண்டாயிரத்து நானூறு.
உலையோடு வந்த பித்தளைத் தகட்டில்
இத்தாலிக்காரன் பொறித்தனுப்பிய கணக்கு.
அவன் ஊரில் யாருக்கும் காய்ச்சல் வராது போலும்.

இங்கே
மின்கட்டணம் ஏறும் பகல் வேளையில்
உலை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.
பழைய இரும்பு நனைந்து வந்தால் போட முடியாது.
ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும், கூரை பறக்க.
அக்டோபரில் பினாங்கில் நனையாத இரும்பு ஏது?
இரண்டாம் நம்பர் தூக்கி
வாரத்துக்கு ஒருமுறை நடுவானில் நின்று யோசிக்கும்.
யோசித்து முடிக்கும்வரை
கீழே ஷொஹாக்கும் அவன் கூட்டமும்
தலைக்கவசத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு
வங்காளத்தில் யாரையோ திட்டுவார்கள்.
உலையின் உட்சுவரைப் பெயர்த்துக் கட்ட நாலு நாள்.
பெருநாளுக்கு, தீபாவளிக்கு, சீனப் புத்தாண்டுக்கு.

கழித்துக்கொண்டே வந்தால்
போன மாதம் பத்தொன்பதாயிரத்து இருநூறு.

மிஸ்டர் கோ தோளுக்குப் பின்னால் நின்றார்.
"தவமலர், அவர்கள் திறனைத்தான் கேட்கிறார்கள்.
செய்ததைக் கேட்கவில்லை."
அவர் சொல்வதும் சரிதான்.
என் தம்பிகூடத் திறமைசாலி.

ஊர்ப் பெயரே பிறை.
முழுநிலா என்று எழுதச் சொல்கிறார்.
எழுதினேன்.

பாசிர் கூடாங்கிலிருந்து அவர்களுடைய பொறியாளர் வந்தாள்.
ரோஸ்னானி. குள்ளம். காலில் சொந்த பூட்ஸ்.
துறைமுகத் தூக்கிகள் செய்யும் கம்பெனி,
ஒவ்வொன்றும் ஆயிரத்தைந்நூறு டன் தின்னும்.
கூட்ட அறையில் குளிரூட்டி, கறிப்பாப்,
திரையில் எங்கள் முப்பத்திரண்டாயிரம்,
எல்லாம் தயாராக இருந்தன.
அவள் உள்ளே போகவில்லை.
வாசலில் எடைமேடைக்குப் பக்கத்தில்
குடை பிடித்து நின்று
வரும் லாரிகளை எண்ணினாள்.
லாரிக்கு ஒரு கோடு, உள்ளங்கையில்.
காலை ஏழிலிருந்து மாலை ஐந்துவரை.
மழையில் மை கரைந்தபோது
மறு கைக்கு மாறிக்கொண்டாள்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.
மலாயில் அதற்கு என்ன பழமொழியோ,
அவள் கைகளில் எழுதி வைத்திருந்தாள்.

தேநீர் கொண்டுபோனது நான்.
கோடுகளைக் காட்டிக் கேட்டாள்:
"பத்தொன்பதா, இருபதா?"

எடைமேடையில் ஒரு லாரி ஏறியது.
சிவப்பு எண்கள் துடித்து, துடித்து, நின்றன.

"பத்தொன்பது," என்றேன்.
"நல்ல மாதமாக இருந்தால்."

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவுமில்லை.
"எனக்கு வேண்டியது இரண்டாயிரம்தான்," என்றாள்.
"ஆனால் எல்லா மாதமும்.
மூன்று ஆலைக்குப் போய்விட்டேன்.
மூன்றும் முப்பதுக்கு மேல்."
தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக்
கோப்பையை என்னிடமே கொடுத்தாள்.
அதன் பிடியில் நீல மை.

பதில் இன்னும் வரவில்லை.
மிஸ்டர் கோ மூன்று நாளாக
என்னிடம் ஈமெயிலில்தான் பேசுகிறார்.
மேசைக்கு மேசை ஆறடி.

இன்றிரவு பத்து மணிக்கு மின்கட்டணம் இறங்கியது.
உலை வாய் திறந்தது.
அலுவலகக் கண்ணாடி சிவந்து
கணினித் திரையில் என் முகமும் சிவந்தது.
பலகையில் சாக்கட்டியால் எழுதினார்கள்: சூடு ஒன்பது.
அறுபது டன்னை ஏந்திக்கொண்டு
அகப்பை மெல்ல நகர்ந்தது.
பாதி வழியில் நின்றது.

இரண்டாம் நம்பர்தான்.

கீழே எல்லாரும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஓடினார்கள்.
நான் நேரத்தைக் குறிக்கிறேன்.
பதினொரு நிமிடம்.
பன்னிரண்டு.
ஷொஹாக் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான்.