மைக்கை மூடுங்கோ டெல்சியா

எங்கள் வீட்டில் சிக்னல் இல்லை.
குருநகர் தொடர்மாடி, மூன்றாம் தட்டு:
கோபுரம் கண்ணுக்குத் தெரியும்,
போனில் ஒரு கோடுதான் நிற்கும்.
ஆறரைக்கு வகுப்பென்றால்
ஆறேகாலுக்கே
ஐஸ் கொம்பனிக்கு இறங்கி ஓடுவேன்.
சித்தப்பா அங்கே கணக்கெழுதுகிறார்.
மேசையில் ஒரு மூலை எனக்கு,
மிச்சமெல்லாம் அவருடைய பற்றுச்சீட்டுகள்.

போன் அம்மாவுடையது.
இறால் உரிக்கிற கை தொட்ட இடமெல்லாம்
திரையில் ஒரு மங்கல்.
சட்டை நுனியால் துடைத்துவிட்டு
குட் ஈவினிங் மிஸ் என்கிறேன்.
கண்டியிலிருந்து மிஸ் தலையாட்டுகிறா.
நாற்பத்தொரு சதுரங்களில்
என்னுடையது கறுப்பு.
வீடியோ போட்டால் டேட்டா குடித்துவிடும்.

திங்கள் இலக்கணம்.
செயப்பாட்டுவினை.
அடிபட்டது முன்னுக்கு வரும்,
அடித்தவர் கடைசிக்குப் போவார்.
"செய்தவர் ஆரென்று தெரியாவிட்டால்
'பை' போடத் தேவையில்லை,
விட்டுவிடலாம்" என்றா மிஸ்.
ஐந்து உதாரணம் கேட்டா.
கோப்பை உடைக்கப்பட்டது.
கடிதம் அனுப்பப்பட்டது.
மூன்றாவதாக
மாமாவின் வலை அறுக்கப்பட்டது என்று எழுதி
முற்றுப்புள்ளி வைத்தேன்.
செய்தவர் ஆரென்று தெரியும்.
றோலர் என்றுதான் கரையில் சொல்வோம்;
அகராதியில் அதைத் தேடினால்
றோட்டுக்குத் தார் அமத்துகிற மெஷின் வருகிறது.
ஐந்துக்கும் சரி விழுந்தது.

புதன் இலக்கியம்.
பனி பெய்கிற ஒரு கவிதை.
ஒருத்தி சன்னலில் நிற்கிறாள்,
பதினாறு வரிக்கும் வேறொன்றும் நடக்கவில்லை.
வெண்மை என்றால் தூய்மை,
குளிர் தனிமை,
அந்த மௌனம் மரணம்,
பாஸ் பேப்பரில் மூன்றுதரம் வந்தது,
கோடிட்டு வையுங்கோ.
எனக்குப் பனியென்றால்
தை மாத விடியலில்
மோட்டார்சைக்கிள் சீற்றில் நிற்கிற ஈரம்.

"உங்களில் ஆராவது
ஸ்னோவைத் தொட்டிருக்கிறீங்களா?"
ஒருவரும் கை உயர்த்தவில்லை.
'எங்கட பிரிட்ஜில் இருக்கு மிஸ்' என்று
ஒரு பெடியன் எழுதினான்.
சிரிக்கிற முகங்கள் வரிசையாய் ஏறின.

எனக்குப் பின்னால்
ஆளுயரப் பாளம் ஒன்று
தகரத்தில் சறுக்கி வந்துகொண்டிருந்தது.
அருமைநாயகம் அண்ணை கொக்கி போட்டு இழுத்தார்.
நான் மைக்கைத் திறந்தேன்.

என் வாய் திறக்கமுன்
மெஷினின் வாய் திறந்தது.
முழுப் பாளமும் நொறுங்கி
நாற்பத்தொரு வீட்டுக்குள்ளும் கொட்டுண்டது.
"ஆரது? என்ன சத்தம்?
மைக்கை மூடுங்கோ டெல்சியா!"

மூடினேன்.
பெருவிரலால் எழுதத் தொடங்கினேன்.
மிஸ், ஐஸ் வெள்ளையில்லை,
விளிம்பில் நீலம்,
காற்று மாட்டிக்கொண்ட நடுவில் மட்டும் பால்.
சும்மா இருக்காது,
தண்ணி பட்டால் உள்ளுக்குள் பொரியும்.
இறால் மேல் போட்டால்
அரை மணித்தியாலத்தில் சிவப்பாய் ஒழுகும்.
கையில் வைத்தால் முதலில் குளிராது,
சுடும்.
இவ்வளவும் தமிழில்தான் வந்தது.
இங்கிலிஷில் வந்தது,
'இட் பேர்ன்ஸ் மிஸ்'.
அதை அனுப்பினேன்.

மிஸ் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தா.
"பேர்ன் என்கிறது நெருப்புக்கு" என்றா.
"ஆனால் டெல்சியா..."

வட்டம் சுற்றியது.
பாதி திறந்த வாயோடு,
மேலே எழும்பின ஒரு கையோடு
மிஸ் அப்படியே நின்றா.
சித்தப்பா எட்டிப் பார்த்தார்:
"என்ன, உறைஞ்சு போச்சோ?"
டேட்டா முடிந்துவிட்டது.
கார்ட் போட நாளைக்குத்தான் காசு.

பற்றுச்சீட்டு ஒன்றைத் திருப்பி வைத்து
ஆனால் என்பதற்குப் பிறகு
என்னவெல்லாம் வரலாம் என்று எழுதிப் பார்த்தேன்.
மார்க்ஸ் விழக்கூடிய மாதிரி ஒன்று.
விழாத மாதிரி நாலைந்து.

பிறகு எழும்பிப்போய் அண்ணையிடம் கேட்டேன்,
இந்த மெஷினுக்கு இங்கிலிஷில் என்ன பேர்?
"அதிலேயே இருக்கு, பார்" என்றார்,
அடுத்த பாளத்துக்குக் கொக்கியைத் தூக்கிக்கொண்டு.

இருந்தது.
பெயரில் பாதியைத் துரு தின்றிருந்தது.
குனிந்து,
கடைசி நாலெழுத்திலிருந்து
பின்னோக்கி
நகத்தால் சுரண்டிக்கொண்டு போனேன்.