பத்துக்கு எத்தனை

பன்னிரண்டு பவுண்ட் உருட்டு மட்டை.
தர்மக் கடையில் குடைகளோடு குடையாக நின்றிருந்தது.
பிடியின் ரப்பர் மீன்தோல்போல் உரிகிறது.
தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்வு,
கேள்வி புரியாதவன் நிற்பதுபோல.
ஆறடிக்குள் நம்பலாம்.
ஆறடிக்கு மேல் யாரைத்தான் நம்புவது?
பத்துக்கு ஏழு.

இது என் நாலாவது நோட்டுப் புத்தகம்.
பகலில் பிஸ்கட் ஆலையில்
உடைந்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு
முழுசை மட்டும் முன்னே அனுப்புகிறவள் நான்.
மதிப்பெண் போடும் வியாதி அங்கே தொற்றியது.
ஃபைஃப் கரையில், நகராட்சி மைதானத்தில்
ஒரு சுற்றுக்குப் பதினாலு பவுண்ட்.
செவ்வாய்க்கிழமை சினிமா ஐந்து.
அதற்கு மேல் போனால்
கரண்ட் பில் முறைக்கும்.

சூப்பர்மார்க்கெட் கையுறை, நாலு பவுண்ட்.
இடது கைக்கு மட்டும்தான் தருகிறார்கள்.
அதன் ஜோடி எங்கே போனதென்று
யாரும் கேட்பதில்லை.
மழை வரும்வரை நல்ல சிநேகிதி.
இங்கே மழை வரும்வரை என்றால் இருபது நிமிடம்.
ஐந்து.

விண்வெளிப் படம், புதுசு.
இரண்டே முக்கால் மணி நேரம்.
வானத்துக்கே எல்லாப் பணமும் போய்விட்டது,
வசனத்துக்கு மிஞ்சவில்லை.
நானூறு பவுண்ட் டிரைவர் வாங்கியவன் வீசுவதுபோல:
ஓசை பிரமாதம்,
பந்து பக்கத்து முள்ளங்கி வயலில்.
மூன்று. இருக்கை மெத்தைக்காக அரை கூட.

அதற்கடுத்த செவ்வாய் வேறு ஒன்று.
அண்ணன், தம்பி, ஒரு படகு,
ஒரு குளிர்காலம் முழுக்கப் பேச்சில்லை.
நாய் சாகும் என்பது
பத்தாவது நிமிடமே தெரிந்துவிட்டது.
வயலின் அழச் சொன்ன இடத்திலெல்லாம்
பிடிவாதமாக அழாமல் இருந்தேன்.
இருட்டில் தடவி நாலு என்று எழுதினேன்.

எழுதும்போதுதான்
பின்வரிசையில் அந்தச் சத்தம்,
கோட்டுக்குள் எதையோ வைத்து அமுக்குவதுபோல.
திரும்பவில்லை.
இந்த ஊரில் யாரும் திரும்பமாட்டார்கள்.
விளக்கு வந்ததும் குனிந்து
ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை
அவிழ்த்துக் கட்டினேன்.
கடந்துபோன பூட்ஸை அடையாளம் தெரிந்தது.
லாக்லன்.
எட்டாம் குழிக் குளத்தில்
மார்புவரை ரப்பர் உடையோடு இறங்கி
மற்றவர்கள் தொலைத்ததை எடுத்து வந்து
முட்டை அட்டையில் அடுக்கி விற்கிறவன்.

மறுநாள் காலை கடல் மூடுபனி.
கொடி தெரியவில்லை,
அது படபடப்பது மட்டும் கேட்டது.
"டஜன் ஆறு பவுண்ட், ஐல்சா. சேறு இலவசம்."
நேற்றுப் படம் எப்படி என்றேன்.
"சத்தம் ஜாஸ்தி."
சில்லறையை இரண்டு தரம் எண்ணினான்.
"உன் நோட்டில் எத்தனை?"
நாலு.
தலையாட்டினான்.
"நாய் நன்றாக நடித்தது" என்றான்,
பிறகு குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று
ஆலையில் யாரோ சொன்னது நினைவு.
இருந்தான் என்றார்களோ?
ஓவன் இரைச்சலில்
இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

குளத்துப் பந்து, ஒரு டஜன்.
ஒன்பது வெள்ளை, இரண்டு மஞ்சள்,
ஒன்றுக்குத் தன் நிறமே மறந்துவிட்டது.
எத்தனை நாள் தண்ணீருக்கடியில் கிடந்தன
என்று அட்டையில் எழுதவில்லை.
தட்டினால் தூக்கம் கலையாத குரல்.
தூரம் பத்து கஜம் குறைவு,
திசையில் பொய் இல்லை.
ஒரு மஞ்சளில் நீல மையில் யாரோ போட்ட புள்ளிகள், மூன்று.
அதை மட்டும் அடிக்கவில்லை.
பையின் பக்கவாட்டில் கிடக்கிறது.
எட்டு.

இரவு படத்தின் பக்கத்தைப் புரட்டினேன்.
நாலு நாலுதான்.
அந்த வயலினை மன்னிக்க முடியாது.
கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்:
முடிந்தால் கடைசி வரிசையில் உட்காரவும்.

அடுத்து: மடக்குத் தள்ளுவண்டி, இருபத்தைந்து பவுண்ட்.
ஒரு சக்கரத்துக்கு
வேறு ஊர் போகும் எண்ணம்.